நாயும் சிக்கனமும்

கேள்வி: நாய் வளர்ப்பதில் சிக்கனம் சாத்தியமா?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: நாயைத் தேர்ந்தெடுக்கும் க்ஷணத்திலேயே பாதிச் செலவு நிர்ணயமாகிவிடுகிறது. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைச் சித்திரை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தி, அதன் சௌக்கியத்தின் பொருட்டுக் குளிர்சாதனத்தை அல்லும் பகலும் ஓடவிட்டு, பின்னர் மின்சாரக் கட்டணத்தைக் கண்டு தாம் வியர்க்கிற கனவான்கள் நம்மிடையே உண்டு. சிப்பிப்பாறையோ, கோம்பையோ, ஏன், தெருவில் ஜனித்த சாமானிய நாயோ இத்தகைய உபசாரம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. வைத்தியத்துக்கு, 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே பணத்தைக் காட்டிலும் பொறுமையைத்தான் அதிகம் எடுத்துச் செல்லவேண்டும். ஆனால் வெறிநோய்த் தடுப்பூசியில் மட்டும் லோபம் கூடாது. அறிகுறி கண்டபின் அந்நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்பதோடு, நாய் கடித்தால் அது எஜமானரையும் விட்டுவைப்பதில்லை. ஸ்நானத்துக்கென்று நாயைச் சலூனுக்கு அனுப்பும் தொகையைத் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம், வீட்டிலேயே அதைக் குளிப்பாட்டுகையில், அது உடம்பை உதறும் வேகத்தில் தங்கள் ஸ்நானமும் முடிந்துவிடுமாதலால், தண்ணீரும் லாபம்.