சத்தம் எல்லைக்கு வரவில்லை ஐயா

மத்திய சுற்றாடல் அதிகாரசபை,
பத்தரமுல்லை.

மதிப்புக்குரிய ஐயா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து எழுதுகிறேன். முறைப்பாடு என்று பயந்துவிடாதீர்கள், இது நன்றிக் கடிதம்.

1996 மே மாதம் வர்த்தமானியில் வந்த இரைச்சல் ஒழுங்குவிதிகளைப் போன மாதம்தான் மகன் படித்துக் காட்டினான். எங்கள் தோட்டம் இருக்கும் பிரதேச சபைப் பகுதியில் தொழிற்சாலைச் சத்தம் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45ஐத் தாண்டக்கூடாதாம். ஹட்டன் டவுன் நகர சபை என்பதால் அங்கே 63, 50. டவுன்காரர் காதைவிட எங்கள் காதுக்குக் கூடுதல் மரியாதை! தோட்டத்து ரோட்டுக்குக் காசு செலவழிக்க அதே பிரதேச சபைக்கு 2018இல் திருத்தம் வரும்வரை சட்டம் இடம் கொடுக்கவில்லை. ரோட்டுக்கு நாங்கள் சபைக்கு வெளியே, காதுக்கு மட்டும் உள்ளே.

எங்கள் லயத்துக்கும் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு கானும் நாலு வாழையும்தான். கொழுந்து வாட்டும் விசிறிகள் ராத்திரி முழுக்க ஓடும். விடியுமுன் ரோலர் தொடங்கிவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில், பலகையில் கவிழ்த்த சில்வர் டம்ளரை அம்மா படுக்குமுன் சுவரோரம் தள்ளிவைப்பார். காலையில் அது விளிம்பில் வந்து நிற்கும். கரண்ட் போனால் நிம்மதிதானே என்பீர்கள். அப்போதுதான் லயமே முழிக்கும்! தொட்டில் பிள்ளை வீரிடும். அம்மாயி எழுந்து உட்கார்ந்து, "ஸ்டோருக்கு என்னாச்சு?" என்பார். ஜெனரேட்டர் உறுமின பிறகுதான் எல்லாருக்கும் நித்திரை.

விதியை முழுக்கப் படித்தபோதுதான் அதன் சாமர்த்தியம் புரிந்தது. சத்தத்தை அளக்கவேண்டியது எங்கள் வாசலில் அல்லவாம், சத்தம் கிளம்புகிற காணியின் எல்லையில். ஸ்டோர் நிற்பது தோட்டக் காணி. லயம் நிற்பதும் அதே காணி. எல்லைக்கல்லோ மூன்று மலை தாண்டி மானாப்புல்லுக்குள் கிடக்கிறது. அங்கே மீட்டரை வைத்தால் குருவிச் சத்தம்தான் விழும். வேண்டுமானால் குருவிமேல் வழக்குப் போடலாம்.

தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறோம், எங்களுக்கென்று ஓர் எல்லை இல்லை. ஒரு துண்டுக் காணி தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உறுதி கைக்கு வந்தால் வேலி போடலாம், வேலியில் உங்கள் 45 டெசிபலையும் கட்டிவைக்கலாம். அதுவரை அம்மாயியின் நித்திரை தோட்டத்தின் உள்விவகாரம்.

ஆகவே, தயவுசெய்து அதிகாரி ஒருவரை அனுப்பிவையுங்கள். எல்லைக்கல்லில் அளந்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டு, திரும்பும் வழியில் எங்கள் காம்பிராவுக்கு வந்து ஒரு பிளேன்டி குடித்துவிட்டுப் போகட்டும். சீனி வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வரச்சொல்லுங்கள். இங்கே வந்து சொன்னால் எங்களுக்குக் கேட்காது.

இப்படிக்கு,
எல்லைக்கு உள்ளே இருக்கும் ஒருவன்