தானே அணைந்து தானே எழும் கணினி

மரக்காணம் உப்பளப் பக்கத்து வீடுகளில் கணினி சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆனால், பழி முதலில் வைரஸ் மீது விழும். அடுத்து, அதில் விளையாடிய பையன் மீது. உப்பைச் சந்தேகிப்பார் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் நீர் கோத்துக்கொள்ளும், மின்சாரத்தையும் கடத்தும். ஃபேன் இழுத்துவரும் தூசியோடு உள்ளே போய் ராம் செருகும் இடுக்கில் வாடகையின்றிக் குடியேறிவிடும்.

விண்டோஸ் தன் பங்குக்கு, பிழைத்திரையைக் கண்ணில் காட்டியும் காட்டாமலும் மறுபடி தொடங்கிவிடும். அந்தத் தானியங்கி அமைப்பை நிறுத்திவைத்தால் பிழைச் செய்தி திரையில் நிற்கும். ஈவண்ட் வியூவரில் 41 என்ற எண் மட்டும் இருந்தால், முறையாக அணையாமல் மீண்டும் தொடங்கியது என்று பொருள். வீட்டார் கண்ணால் பார்த்ததைக் கணினியும் ஒப்புக்கொள்கிறது, அவ்வளவே. காரணம் அதில் இராது.

அப்போது எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். பேட்டரி, பிராசஸரின் சூடு மூன்றையும் பார்க்க வேண்டும். அதற்கும் முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்துச் செருகினாலே பல சமயம் சரியாகும். மெக்கானிக்கும் அதையேதான் செய்வார், கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு. ரப்பர் துகளை வாயால் ஊதாமல் பிரஷ்ஷால் தட்டுவது நல்லது. மூச்சிலும் ஈரம் உண்டு.