அமாவாசை பார்த்து லண்டன் போவது

ராச்செஸ்டர்,
கென்ட், இங்கிலாந்து.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

  

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பது மைல் தூரத்திலிருக்கும் லண்டன் பட்டணத்துக்கு மணிக்கு மணி ரயில் ஓடிக்கொண்டிருக்கையில், மாட்டுவண்டியைவிட மெதுவாக ஊர்ந்து போகும் ஒரு பாய்மரப் படகில் ஏறி, ஆற்றின் முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பட்டணத்தைச் சென்றடைய வேண்டிய அவசியம் என்ன வந்தது என்றும், அப்படியே வந்திருந்தாலும் தங்கள் குமாரத்தியையும் அதில் ஏற்றிச் செல்ல எந்தச் சாஸ்திரம் இடம் கொடுத்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஏற்றிச் சென்றது நான் அல்ல, கமலா. நாகப்பட்டினத்தில் மூன்று தலைமுறையாகக் கடலை வாசலில் வைத்துக்கொண்டு, மாசி மகத்தன்றுகூடக் கணுக்காலுக்கு மேல் நனையாமல் தீர்த்தமாடித் திரும்பிய ஒரு வம்சத்தில் பிறந்த பெண்ணுக்கு இந்த வயதில் எங்கிருந்து சமுத்திர மோகம் பிடித்தது என்பதைத் தாங்கள்தான் ஆராய வேண்டும். முதல் கேள்விக்கு உரிய பதில் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவர் பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இருபத்து நான்கு அடி நீளத்தில் ஒரு படகு வைத்திருப்பவர். அதில் தனியாகப் போகப் பிடிக்காதவர்.

அந்தப் படகைப் பற்றி விஸ்தாரமாக எழுதப் பிரமேயம் இல்லை. மூன்று பேர் உட்காரலாம், இரண்டு பேர் படுக்கலாம், ஒருவரும் நிமிர்ந்து நிற்க முடியாது. அடியில் இரண்டு கட்டைகள் இருப்பதால், தண்ணீர் வற்றிப்போனாலும் சேற்றில் கௌரவமாக நிமிர்ந்து நிற்கக்கூடியது அந்தப் படகு ஒன்றுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லண்டனுக்குப் படகில் போவது பெரிய காரியம் அல்ல. போன பிறகு அந்தப் படகை எங்கே கட்டுவது என்பதுதான் பெரிய காரியம். நம் நாகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம். இங்கேயோ லண்டன் பாலத்தடியில் பெரு ஏற்றக் காலங்களில் நீர் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயர்ந்து, ஆறு மணி நேரத்துக்கெல்லாம் அவ்வளவும் இறங்கிவிடுகிறது. கரையோரமாக ஒரு முளையில் படகைக் கட்டிவிட்டு ஊர் சுற்றப் போனால், திரும்பி வரும்போது அது கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகையால் ஆற்றை ஒட்டி, இரட்டை மதகு வைத்து நீரைத் தேக்கி, உள்ளே படகுகளைக் கட்டிவைக்கும் துறைகளை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அவற்றுக்கு மரினா என்று பெயர். படகின் நீளத்தை அளந்து, மீட்டருக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று வாடகை. உள்ளே எத்தனை பேர் எந்தக் கோலத்தில் சுருண்டு கிடக்கிறார்கள் என்பதைப் பற்றி அவர்களுக்கு விசாரம் இல்லை.

இந்த மதகுகள் நினைத்த நேரத்தில் திறப்பவை அல்ல. நீர் உச்சிக்கு வரும் நேரத்தை ஒட்டிச் சில மணி நேரம் திறந்துவிட்டு மூடிவிடுவார்கள். அந்த நேரமோ சந்திரனைப் பொறுத்தது. ஆகவே இராகுகாலத்தையும் எமகண்டத்தையும் கேட்டுச் சிரிக்கும் இந்த ஊர்க்காரர்கள், படகில் காலை வைக்கும் முன் தடித்த ஒரு பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் இருப்பதில்லை. 1932-ல் முதல் பதிப்பு வெளிவந்து இன்றுவரை ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் ரீட்ஸ் என்ற அந்த நூலைப் பக்கத்து வீட்டுக்காரர் தமது சமையலறை மேஜையில் விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் வரிகளைத் தடவிக்கொண்டு வந்த தோரணையில், நம் குடும்ப ஜோசியர் ஐயாவையே நேரில் தரிசித்தாற்போல் இருந்தது எனக்கு.

அவர் படித்துச் சொன்னதன் சாரம் தங்களுக்குப் பரமானந்தத்தைக் கொடுக்கும் என்று நம்புகிறேன். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் லண்டனில் நீர் உச்சிக்கு வருவது பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில்; காலையில் முகத்துவாரத்திலிருந்து புறப்பட்டால் ஏறும் நீரே படகைச் சுமந்துகொண்டு போய், வெளிச்சம் இருக்கும்போதே மதகு வாசலில் சேர்த்துவிடும். அஷ்டமி, நவமி வாக்கிலோ உச்சநீர் காலை எட்டு ஒன்பதுக்கும் இரவு எட்டு ஒன்பதுக்கும் நகர்ந்துவிடுவதால், ஒன்று நடுநிசியில் புறப்பட வேண்டும், அல்லது மதகுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு போய்ச் சேர வேண்டும். அஷ்டமி நவமியில் யாத்திரை ஆகாது என்று தாங்கள் ஆயுள் முழுவதும் வற்புறுத்தி வந்ததைத் தேம்ஸ் நதி அக்ஷரம் பிசகாமல் ஒப்புக்கொள்கிறது. பிரதமையில் மட்டும் அது நம் பெரியோர்களோடு பிணங்குகிறது. பெரு ஏற்றம் வருவதே பெரும்பாலும் பிரதமை, துவிதியையில்தான்.

நாள் குறித்தாயிற்று, அடுத்தபடியாக இடம். இதில் மூவருக்கும் மூன்று அபிப்பிராயம். படகுக்காரருக்கு வாடகை குறைய வேண்டும். கமலாவுக்கு வெந்நீர் ஸ்நானமும், இறங்கி நடந்தால் பட்டணம் வந்துவிட வேண்டும் என்பதும் முக்கியம். எனக்கு, ஊரில் நாலு பேருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான இடமாக இருந்தால் போதும்.

பட்டணத்துக்குச் சுமார் இருபது கடல்மைல் முன்னதாகவே கிரேவ்ஸெண்டில் படகைக் கட்டிவிட்டு ரயிலில் போகலாம் என்ற யோசனை வந்தது. ரயிலில் போவதென்றால் ராச்செஸ்டரிலேயே ஏறலாமே என்று கமலா கேட்டதும் அது தள்ளுபடியாயிற்று.

அடுத்து தென்கரையில், ராதர்ஹைத் பகுதியிலுள்ள சௌத் டாக். சதர்க் நகராட்சி நிர்வகிப்பது. வேலை செய்கிறவர்களின் இடம், வீண் ஆடம்பரம் இல்லை. படகிலேயே குடியிருப்பவர்கள் ஏராளம். படகுக்காரரின் மனம் இதில்தான் லயித்திருந்தது. ஆனால் அவர் பூகோள ஆசிரியர் அல்லவா? சும்மா இராமல், அதை ஒட்டியுள்ள கிரீன்லாந்து டாக் பதினெட்டாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் துறையாக இருந்தது, அங்கேதான் திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் இறக்கினார்கள் என்று பாடம் நடத்திவிட்டார். காய்ச்சி இரு நூற்றாண்டுக்கு மேலாகிறது என்று நான் எவ்வளவோ சமாதானம் சொல்லியும், அந்த ஜலத்தில் கைகூட நனைக்க மாட்டேன் என்று கமலா சொல்லிவிட்டாள்.

வடகரையில் லைம்ஹவுஸ். இது எனக்கே சபலம் தந்த இடம். 1820-ல் ரீஜெண்ட் கால்வாயின் வாயிலில் வெட்டிய குளம்; கடலிலிருந்து வந்த கப்பலின் சரக்கு இங்கே கால்வாய்ப் படகுக்கு மாறி, கேம்டன், பாடிங்டன் என்று ஊருக்குள்ளே போகும். கம்பெனிக் கப்பல்களில் வேலைக்கு வந்து, திரும்பும் கப்பல் கிடைக்காமல் தெருவில் நின்ற நம் தேசத்து மாலுமிகளுக்காக 1857-ல் இந்தப் பக்கத்தில்தான் ஒரு விடுதி கட்டினார்கள். இப்போது குளத்தின் கரையிலேயே, 1908-ல் நிறுவப்பட்ட குரூசிங் அசோசியேஷன் என்ற படகோட்டிகள் சங்கத்தின் மாளிகையும், எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ரயிலும் இருக்கின்றன. மதகு திறந்திருக்கும் நேரமும் தாராளம். நுழைவாயிலின் குறுக்கே ஆற்றோட்டம் பலமாக இழுப்பதால், உள்ளே திரும்பும்போது படகைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகும் என்பது ஒன்றே குறை. நீச்சல் தெரியாத இருவர் படகில் இருக்கையில் அது சாமான்யமான குறை அல்ல.

எஞ்சியது செயிண்ட் காதரின் டாக்ஸ். டவர் கோட்டைக்குப் பக்கம், டவர் பாலத்துக்குச் சற்றே கீழே. 1828-ல் தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற பெரிய எஞ்சினியர் கட்டியது. கட்டுவதற்காக ஒரு பழைய தர்ம ஆஸ்பத்திரியையும், பதினோராயிரம் ஜனங்கள் குடியிருந்த வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். தேயிலை, தந்தம், வாசனைத் திரவியம், சர்க்கரை என்று கீழ்த்திசைச் செல்வமெல்லாம் இங்கே வந்து இறங்கியது; தந்தம் வைத்த கட்டடத்துக்கு இன்றும் தந்த மாளிகை என்றே பெயர். இவ்வளவும் செய்து, வாயிலை மட்டும் குறுகலாக வைத்துவிட்டதால், நீராவிக் கப்பல்கள் பெருத்துப் போன காலத்தில் உள்ளே நுழைய முடியாமல் வியாபாரம் நொடித்து, கடைசியில் 1968-ல் மூடினார்கள். பெரியவர்களுக்குப் பயன்படாமற்போன அந்தக் குறுகல்தான் இன்று எங்களைப்போன்ற சிறியவர்களுக்கு அளவெடுத்துத் தைத்ததாக அமைந்திருக்கிறது. மதகு, உச்சநீருக்கு இரண்டு மணி முன்னாலிருந்து ஒன்றரை மணி பின்னால்வரை திறக்கும். வாடகையைக் கேட்டுப் படகுக்காரர் சற்று நேரம் பேசவில்லை. வெந்நீர் உண்டு, கோட்டை உண்டு, நாலு பேருக்குச் சொல்லவும் சொல்லலாம். இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறிற்று.

முதல் நாள் மாலை மெட்வே முகத்துவாரத்திலுள்ள குவீன்பரோவில் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்கு வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கியதும் புறப்பட்டோம். அங்கிருந்து பட்டணம் சுமார் நாற்பது கடல்மைல். முகத்துவாரத்தை விட்டதுமே, 1944-ல் மூழ்கிய ரிச்சர்ட் மான்ட்கோமெரி என்ற அமெரிக்கக் கப்பல், ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தோடு அப்படியே கிடக்கிறது. சுற்றிலும் மிதவை போட்டு யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கமலா இரண்டு ஸ்லோகங்களைச் சொல்லி முடிப்பதற்குள் அதைத் தாண்டிவிட்டோம். பிறகு பல மணி நேரம் இரு கரையிலும் சேறும் கிடங்கும் தவிர வேறொன்றும் இல்லை.

உல்விச்சில் தேம்ஸ் தடுப்பணை. வட கடலிலிருந்து புயல் நீர் ஏறி வந்து பட்டணத்தை முழுக்காட்டாதபடி 1984-ல் திறந்து வைத்தது. வெள்ளி முக்காடு போட்ட பூதங்கள் ஆற்றின் குறுக்கே வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல் காட்சி தரும். ரேடியோவில் பதினாலாம் சானலில் லண்டன் கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்து உத்தரவு கேட்டு, பாயைச் சுருட்டி எஞ்சினை ஓட்டி, பச்சை அம்பு எரியும் வாயில் வழியாகப் போக வேண்டும். அதைத் தாண்டி கிரீனிச்சை நெருங்குகையில் மணி ஒன்று; 1833 முதல் மாலுமிகள் கடிகாரம் திருத்திக்கொள்வதற்காகத் தினமும் ஒரு மணிக்கு விழும் சிவப்புப் பந்து, வானசாஸ்திர மண்டபத்தின் கம்பத்திலிருந்து சரிந்ததைக் கமலா பார்த்துவிட்டாள். நான் அந்த நேரத்தில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாப்பிங்கில், கடற்கொள்ளைக்காரர்களைத் தூக்கிலிட்டு மூன்று ஏற்றங்கள் மேலே புரண்டு போகும்வரை விட்டுவைத்த இடத்தைப் படகுக்காரர் காட்டினார். கேப்டன் கிட்டை 1701-ல் தொங்கவிட்டது அங்கேதான். அவன் பிடித்த கப்பல்களில் பெரியதைப் பிடித்தது நம் மலையாளக் கரையில், கொச்சிக்கு எதிரே.

இதற்குள் மதகு வாசலை அடைந்துவிட்டோம். முறை வரும்வரை வெளியே ஒரு மிதவையில் கட்டிக்கொண்டு காத்திருக்கும்படி ஆக்ஞை. மாமா, சமுத்திரத்தில் ஏற்படாத அவஸ்தை அந்த மிதவையில் ஏற்பட்டது. லண்டன் உத்தியோகஸ்தர்களை ஏற்றிக்கொண்டு அதிவேகமாகப் பறக்கும் பிரயாணிக் கப்பல்கள் கிளப்பிவிட்ட அலை ஒரு கரையில் மோதி, திரும்பி வந்து, மறு கரையிலிருந்து வந்ததோடு கைகோத்துக்கொண்டு, எங்கள் படகின் அணியத்தைத் தூக்கும். தூக்கியது இறங்கு முன் பின்புறத்தைத் தூக்கும். சமையல் அலமாரி திறந்து, ரசப்பொடி டப்பா கீழே உருண்டு, அதன் மேல் பூகோள ஆசிரியரின் டீ கவிழ்ந்தது. பச்சை விளக்கு எரிந்து, வழுவழுவென்று பாசி படிந்த இரு சுவர்களுக்கு நடுவே நுழைந்து, பின்னால் கதவு மூடிக்கொண்ட பிறகுதான் எங்களில் ஒருவருக்குப் பேச்சு வந்தது. பேசியது கமலா, பேசியதை எழுதப்போவதில்லை.

உள்ளே கோடீஸ்வரர்களின் படகுகளுக்கு இடையே எங்களுக்கு இடம் கிடைத்தது. சுற்றிலும் ஓட்டல்கள், மேஜைகளில் உட்கார்ந்து உண்பவர்கள் எங்களையும் சாப்பாட்டோடு சேர்ந்த காட்சியாகவே பாவித்தார்கள். ஸ்நானம் செய்துவிட்டு, என் எட்டு முழ வேஷ்டியைப் பாயின் கீழ்க்கட்டையில் உலர்த்தியிருந்தேன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் அதை வெகு நேரம் பரிசீலித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, ஜரிகைக் கரை வைத்த இந்தப் பாய் எந்தக் காற்றுக்கு உபயோகப்படும் என்று மரியாதையாகக் கேட்டார்கள். வெயில் காலத்து மென்காற்றுக்கு என்றேன். அது பொய் அல்ல.

டவர் பாலத்தைப் பற்றித் தாங்கள் விசேஷமாகக் கேட்டிருந்தீர்கள். முப்பது அடிக்குக் குறையாத பாய்மரம் உள்ள எந்தப் படகுக்காரனும் ஒரு நாள் முன்னதாக எழுதிக் கேட்டால், காசு வாங்காமல் பாலத்தை இரண்டாகத் தூக்கி வழிவிட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். ஆற்றுக்குத்தான் முதல் மரியாதை, சாலைக்கு அடுத்தபடி. 1952-ல் பாலம் எழும்பத் தொடங்கியதைக் கவனித்த ஒரு பஸ் டிரைவர் வேகத்தைக் கூட்டிப் பிளவைத் தாண்டிக் குதித்துவிட்டார். 1997-ல் கிளாடிஸ் என்ற ஒரு பழைய பாய்மரத் தோணிக்காகப் பாலம் எழும்பியபோது, அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டனின் கார் வரிசை இரண்டாகப் பிரிந்து, பாதி இக்கரையிலும் பாதி அக்கரையிலும் நின்றது. எங்கள் பாய்மரமும் முப்பது அடியைத் தொடும். ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே, லண்டன் பஸ்கள் அனைத்தும் நாகப்பட்டினத்தானுக்காகக் காத்து நிற்கட்டுமே என்று மன்றாடினேன். செயிண்ட் காதரின் பாலத்துக்குக் கீழேயே இருப்பதால் அவசியமில்லை. மேலே போனாலும் தூக்க முடியாத லண்டன் பாலம் உடனே மறிக்கும், திரும்பி வர மறுபடி தூக்கச் சொல்ல வேண்டும் என்று படகுக்காரர் மறுத்துவிட்டார்.

இனித் தாங்கள் கேட்காத அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் தங்குவதானால் லைம்ஹவுஸ். படகைப் பழுது பார்ப்பதானால் சௌத் டாக். ஓரிரு நாள் பட்டணம் பார்த்துத் திரும்புவதானால், பணம் போனால் போகிறதென்று செயிண்ட் காதரின்தான். திரும்பி வரும்போது உச்சநீரில் மதகை விட்டு வெளியே வந்தால், வற்றமே இழுத்துக்கொண்டு வந்து கடலில் விட்டுவிடும்.

வரும் கோடையில் தாங்களும் அத்தையும் வருவதாக எழுதியிருப்பது மெத்தச் சந்தோஷம். டிக்கெட் எடுக்கும் முன் பாம்புப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஆனி, ஆடி அமாவாசைகள் என்றைக்கு விழுகின்றன என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆவலாக இருக்கிறார். அத்தை வரும்போது உப்பு நார்த்தங்காய் ஒரு ஜாடி தாராளமாகக் கொண்டுவரச் சொல்லவும். அந்த மிதவையில் காத்திருக்கையில் வேறொன்றும் வயிற்றில் நிற்காது.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள மருமகன்.