கொரியாக்காரரின் அப்பா

புது பிரஸ் லைனை ஓட்டிக்காட்ட ஒரகடத்துக்கு வந்திருந்த கொரிய என்ஜினியர், எங்கள் ஆயுத பூஜைப் பொரியை நம்பிக் கடித்துவிட்டார். விடுமுறைக்கு முந்தைய நாள் மதியமே மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பாக்கெட் கொடுப்பது வழக்கம். பொரியும் பொட்டுக்கடலையும் சாதுவானவை. கூடவே இலவசமாக வரும் கல்லைப் பற்றித்தான் நாம் யாருக்கும் சொல்வதில்லை. நமக்கே நினைப்பிருக்காது, நாக்கு தானாகப் பொறுக்கி ஒதுக்கிவிடும். ‘கடக்’கென்று சத்தம் கேட்டது. மனிதர் சிரித்துச் சமாளித்தார்.

ராத்திரி பதினொன்றரைக்கு கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் போன் செய்தார். “சார், கொரியா சார் கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு அப்பா, அப்பான்னு அழுவுறாரு. ஊர்ல அவங்க அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சு போல.”

நான் எச்.ஆரை எழுப்பினேன். அவர் உடனே சியோலுக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்க்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய், துக்க வீட்டுக் குரலில் “அப்பா?” என்றேன். “அப்பா!” என்று அவர் பலமாகத் தலையாட்டினார். தோளைத் தட்டிக்கொடுத்து, கண்ணை வானத்துக்கு உயர்த்தி, என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார்.

கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்த வட்டார டீக்கடைகளில் இது பழைய செய்தி. ஆனால் ‘வலிக்கிறது’ என்பதற்கும் அவர்கள் ஏறக்குறைய அதையே, பகரத்தில் கொஞ்சம் காற்றை ஊதிச் சொல்வார்கள் என்பதை எந்த டீக்கடையும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

விடியும்வரை அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பல்லுக்குள் இருக்கும் சதை வீங்கினால் விரிய இடம் கிடையாது, சுற்றிலும் கெட்டிச் சுவர். படுத்தால் ரத்தம் ஏறி இன்னும் தெறிக்கும். டிரைவர் தம்பி எங்கிருந்தோ கிராம்பு கொண்டுவந்தான். அதை அவர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, டீயில் போட்டுக்கொண்டார். மறுபடி வாயைத் திறக்கச் சொல்லி நடித்துக் காட்டினோம்.

காலையில் பார்த்தால் வழியெல்லாம் வாழைக்கன்று கட்டிய ஷட்டர்கள். படப்பையில் ஒரு பல் டாக்டரம்மா கிளினிக்குக்கு மேல்மாடியிலேயே குடியிருந்தார். அவர் மாமியார் வாசலை மறித்தார். “ஆயுதமெல்லாம் சாமிகிட்ட இருக்குப்பா. இன்னைக்குத் தொடக்கூடாது.” எட்டிப் பார்த்தேன். சரஸ்வதி படத்தின் முன்னால், சந்தனம் குங்குமத்தோடு, பல் பிடுங்கும் குறடு. கொரியாக்காரரும் எட்டிப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் அவருக்கு வலியே இல்லை என்று நினைக்கிறேன்.

“அது நான் காலேஜ்ல படிச்சப்போ வாங்கின செட்டு, அத்தை. வேலை செய்யறது கீழ உறைக்குள்ள இருக்கு” என்று டாக்டரம்மா சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

எக்ஸ்ரேயைப் பார்த்து “நாப்பத்தாறு” என்றார். டோக்கன் நம்பர் என்று நினைத்து நான் உட்கார இடம் தேடினேன். பல்லின் எண்ணாம். 4 என்றால் கீழ் வலது பக்கம், 6 என்றால் நடுவிலிருந்து ஆறாவது. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் செல்லுபடியாகும். பதினெட்டு வருஷமாக பார்ட் நம்பரோடு மல்லுக்கட்டுகிறேன். என் வாயிலேயே முப்பத்திரண்டு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து, உள்ளே சேர்ந்திருந்த அழுத்தத்தை இறக்கினார். ஊருக்குப் போய் வேர் சிகிச்சையை முடித்துக்கொள்ளச் சொல்லி, 46 என்று எழுதிய சீட்டும் கொடுத்தார். மரத்த வாயோடு அவர் சொன்ன நன்றி பாதிதான் வெளியே வந்தது. மாமியார் சுண்டல் கொடுத்தார். அதை அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மூன்றாம் நாள் லைனில் டிராலி என் கால் கட்டைவிரல்மேல் ஏறியது. “அப்பா!” என்று கத்தினேன். பேனலுக்குப் பின்னாலிருந்து அவர்தான் முதலில் ஓடிவந்தார், கையில் மாத்திரை அட்டையோடு.