கல்யாண மண்டபத்தில் முதுகியல்: ஒரு முன்னாய்வு

கல்யாணப் படக்கலை பற்றி எழுதியோர் எல்லாரும் படத்தையே ஆராய்ந்தனர். படம் எடுப்பவரின் முதுகை ஆராய்ந்தார் இலர். தாலி கட்டுவதைக் காண வந்த உறவினர் கண்குளிரக் கண்டுவிட்டுப் போவதோ அந்த முதுகைத்தான்.

மூலச் சிக்கல் நேரம். கெட்டிமேளம் முழங்கி, அட்சதை பறந்து, மூன்று முடிச்சும் விழ ஒரு நிமிடம் பிடித்தால் அதிகம். அதற்குள் போட்டோகிராபர், வீடியோக்காரர், லைட் பிடிக்கும் பையன், அண்மைக்காலமாகக் கேண்டிட் குழுவினர் என முதுகுகள் சேர்ந்து கோட்டைச்சுவராக எழும்பிவிடுகின்றன.

முற்காலத்தில் இப்படி இல்லை. 120 ரோலில் சதுரப் படம் 12, 35 எம்.எம். ரோலில் 36. ரோல் மாற்றப் போட்டோகிராபர் அவ்வப்போது ஒதுங்கியாக வேண்டியிருந்தது. அந்தச் சந்தில் மூன்றாம் வரிசைப் பாட்டி பேத்தியைப் பார்த்துக்கொண்டாள். மெமரி கார்டு வந்து சந்தை அடைத்தது.

இன்று நின்று எடுப்போர், குந்தி எடுப்போர் என இரு மரபினர் உளர். பின்னவரே மேல். ஓமகுண்டத்தருகே உட்கார்ந்து, ஐயரின் முழங்கைக்கும் நெய்க்கிண்ணத்துக்கும் நடுவே லென்ஸை நுழைப்பவர் அவர். சட்டையில் நெய்க்கறை இருந்தால் நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாம். 70-200 லென்ஸோடு மேடைக்குக் கீழேயே நிற்கும் மூன்றாம் மரபும் உண்டு. கோட்பாட்டளவில் இவர்களே தலைசிறந்தோர். இவர்களுடைய படங்களில் முன்சொன்ன இரு மரபினரின் முதுகுகளும் மிகத் துல்லியமாக விழுந்திருக்கும்.

மறைத்தால் என்ன, ஆல்பத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்பர் மறுப்பாளர். ஆல்பத்தில் எவரும் தாலியைத் தேடுவதில்லை, தன்னைத்தான் தேடுகிறார். எனவே எந்தப் பெரியப்பா விடுபட்டால் சண்டை வரும் என்று முகூர்த்தத்துக்கு முன்பே முகம் பார்த்து அறிதல் நல்ல போட்டோகிராபருக்குக் குந்துதலை அடுத்த இரண்டாம் இலக்கணம். ரிசப்ஷன் வரிசையில் அந்தப் பெரியப்பாவை, "சார், கவரை அப்படியே பிடிச்சுக்கிட்டு இங்க பாருங்க" என்று ஒரு கணம் நிறுத்தி, மனம் கோணாமல் பந்திக்கு அனுப்பத் தெரிய வேண்டும். பந்தியில் அவர் அப்பளத்தைக் கடிக்கும்போது முகத்தில் லைட் அடிப்பவருக்கு இவ்வாய்வில் இடமில்லை.

டிரோனுக்கு முதுகு கிடையாது. ஆகவே அதுவும் எமது எல்லைக்கு வெளியே. அது கிளப்பும் காற்றில் ஓமப்புகை முழுவதும் மாப்பிள்ளை கண்ணுக்குள் போவதைப் புகையியலார் கவனிப்பாராக.