வீடு தயார், மாடு எங்கே?

சக்கரம் வைத்த வீட்டின் சரித்திரத்தை எல்லோரும் அமெரிக்காவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஓசூர்க்காரன் கார்ன்வாலிஸ் பிரபுவிடமிருந்து ஆரம்பிக்கலாம். அவரும் அமெரிக்கா போய் வந்தவர்தான். 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்து, கிட்டத்தட்ட ஒரு நாட்டையே தொலைத்துவிட்டு வந்தார். இங்கிலாந்து அவரை என்ன செய்தது? இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பியது. பெரிய உத்தியோகத்தில் தவறு செய்தால் டிரான்ஸ்பர் மட்டும்தான் என்பது அன்றே அமலில் இருந்த விதி.

1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தவர், மே மாதம் திப்புவைத் தேடி ஸ்ரீரங்கப்பட்டணம் கிளம்பினார். கம்பெனிப் படை என்பது அந்தக் காலத்தில் ஊரோடு சேர்ந்து நகர்கிற சந்தை. துரைமார்களுக்குக் கூடாரம், கட்டில், மேஜை, ஒயின் பெட்டி. அதைத் தூக்க ஆள், அந்த ஆளுக்குச் சோறு, சோற்றுக்கு அரிசி மூட்டை, மூட்டைக்கு மாடு. போதாக்குறைக்குக் கோட்டையை உடைக்கும் ராட்சத பீரங்கிகள், அவற்றுக்கும் மாடு. மாட்டுக்குத் தீவனம்தான் இல்லை. வழியெங்கும் புல்லையும் வைக்கோலையும் திப்புவின் ஆட்கள் முன்கூட்டியே கொளுத்தியிருந்தார்கள். மழையும் நோயும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. மாடு விழ விழ, சிப்பாய்களே பீரங்கியை இழுத்தார்கள்.

மே 15-ல் சண்டையில் ஜெயித்தார் கார்ன்வாலிஸ். ஒரே வாரத்தில், ஜெயித்த கையோடு, தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். எதிரி உடைக்கவில்லை, கவனியுங்கள். இழுக்க மாடில்லாததுதான் காரணம்.

இந்த அவமானத்தில்தான் ஓசூர் சரித்திரத்துக்குள் வருகிறது. கீழ்நாட்டிலிருந்து பாலக்கோடு கணவாய் வழியாகத் தானியமும் மாடும் மேலே ஏறி வர வேண்டும். குறுக்கே ஓசூரும் ராயக்கோட்டையும். ஜூலையில் இரண்டையும் பிடித்தார்கள். ஆக, நம் ஊரைப் பிடித்தது பொன்னுக்கோ பெண்ணுக்கோ அல்ல, சரக்குப் போக்குவரத்துக்கு. இன்றைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் முட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது. திப்புவோடு செய்த 1792 உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி சேர்ந்த பாராமகால் கம்பெனிக்குப் போக, ஓசூர் 1799 வரை மைசூர்ப் பக்கமே நின்றது. எல்லையில் வண்டியை நிறுத்தி விசாரிக்கும் கலை அப்போதே தளிர்விட்டிருக்க வேண்டும்.

திப்புவுக்கு இந்த மாட்டுக் கவலை இல்லை. மைசூர் மன்னர் சிக்கதேவராஜ உடையார் காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுக்க ஏற்படுத்திய மந்தை, ஹைதர் கைக்கு வந்ததும் பீரங்கி இழுத்தது. திப்பு அதற்கு ‘அம்ருத் மகால்’ என்று அரண்மனைப் பெயரே வைத்தார். பின்னால் அந்த மந்தை வெள்ளைக்காரர்களுக்கு வந்தது. 1860-ல் யாரோ கணக்குப் பார்த்து, சிக்கனம் என்று சொல்லி மந்தையைக் கலைத்து விற்றார்கள். 1866-ல் நல்ல மாடு கிடைக்காமல் திண்டாடி, மறுபடி முதலிலிருந்து சேர்த்தார்கள். பழசைப் போட்டுவிட்டுப் பிறகு தேடி அலைந்து ரெஸ்டோர் செய்யும் நோய் கார் பைத்தியங்களுக்கு மட்டும் உரியதல்ல.

வசதியானவர்கள் வேடிக்கைக்காக இதே அவஸ்தையைக் காசு கொடுத்து வாங்கியது 1885-ல். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கப்பற்படை டாக்டர், பையன்களுக்குச் சாகசக் கதை எழுதுகிறவர், பிரிஸ்டலில் மகாகனி மரத்தில் இரண்டு டன் எடையில் ஒரு வண்டி வீடு செய்துகொண்டு ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டார். இழுக்க இரண்டு குதிரை, ஓட்ட ஒருவர். கூடவே ஒரு நாய், ஒரு கிளி. வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் மிதித்துப் போய், “பெரிய வண்டி வருது, ஒதுங்கு” என்று சொல்ல வேண்டும். அமைச்சர் கான்வாய்க்குப் பைலட் வண்டி இப்படித்தான் பிறந்ததோ என்னவோ.

அமெரிக்காவில் வாலி பையம் என்பவரின் மனைவி, அடுப்படி இல்லாமல் கூடாரத்தில் தங்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் கம்பெனி பிறந்த கதை அது. அந்த வெள்ளி நிற அலுமினிய உடம்பு மட்டும் அவர் சரக்கல்ல. கிளைடர் விமானம் கட்டிய ஹாலி போலஸ் 1934-ல் செய்த டிரெய்லர் அதன் மூலம். விமானக்காரர் அல்லவா, அழகாகச் செய்துவிட்டு, வாசலை மட்டும் காரோடு மாட்டும் கொக்கிக்கு மேலே வைத்தார். அவசரத்துக்கு இறங்குகிறவர் இரும்புக் கம்பியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். போலஸ் நொடித்துப்போனார். பையம் 1936-ல் கதவைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினார், சரித்திரத்தில் இடம் பிடித்தார்.

நம் பக்கத்தில் ‘கேரவன்’ என்றால் ஹீரோ ஏசி போட்டு உட்காரும் வண்டி. ஆனால் பழைய வண்டியைப் பிரித்துச் செய்து, அதிலேயே வாழ்ந்து காட்டியவர் பக்கத்து ஆந்திராவின் என்.டி. ராமராவ். ஓசூரில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதைச் சொன்னால் அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்க வேண்டிவரும். 1982-ல் கட்சி ஆரம்பித்ததும் ஒரு பழைய செவ்ரலே வேனை மாற்றியமைத்து ‘சைதன்ய ரதம்’ என்று பெயர் வைத்தார். காக்கிச் சட்டையோடு கூரைமேல் ஏறிப் பேச்சு, வண்டிக்குள் தூக்கம், சாலையோரம் குளியல். ‘மாயாபஜா’ரில் கிருஷ்ணனாக வந்தவர் நியாயமாகத் தேரை ஓட்ட வேண்டும். இவர் மேலே நின்றுகொண்டார், ஓட்டியது மகன் ஹரிகிருஷ்ணா. 1983 ஜனவரியில் அந்தப் பழைய வேன் முதலமைச்சர் வீட்டு வாசலில் போய் நின்றது.

எங்கள் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஓர் அண்ணன் இந்தப் பரம்பரையில் வந்தவர். நெடுஞ்சாலை வேலைக்கு வந்தவர்கள் விட்டுப்போன ஒரு தங்கும் டிரெய்லரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தினார். ஓசூரில் இந்த வேலைக்கு ஆள் பஞ்சமே இல்லை. சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்த நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துகொண்டார்கள். துளைப்பான் வைத்து ஒவ்வொரு ரிவெட்டாக எடுத்துத் தகட்டை உரித்தால், தரைப் பிளைவுட் டீயில் நனைத்த ரஸ்க்காகக் கையோடு வந்தது. கூரை மூலையில் சுண்டுவிரல் அகல ஓட்டை, அதன் வழியாகப் பல வருஷத்து மழை. சேஸிஸில் துரு தேய்த்து, வெல்டிங் வைத்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, பட்டி பார்த்து, கடைசியில் ஜன்னலுக்கு அண்ணி தைத்த திரை. உள்ளே போனால் வெளியே வர மனசு வராது.

பெயிண்ட் காய்ந்த அன்று எதிர் வீட்டுப் பெரியவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் நல்லாருக்கு தம்பி. இத எது இழுக்கும்?”

அண்ணனிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் மொபெட். ஓசூர் 1980-ல் நாட்டுக்குக் கொடுத்த டிவிஎஸ் 50-ன் வாரிசு. அதில் நெல் மூட்டை ஏறும், நாலு பேர் ஏறுவார்கள், ஆடு ஏறும். டிரெய்லர் ஏறாது.

“கார் வாங்கணும்ங்க,” என்றார் அண்ணன், யோசித்துவிட்டு.

“அதுக்கு மொதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் இது என்னன்னு சொல்லி ரிஜிஸ்தர் பண்ணணுமே. வீடுன்னா, வண்டியான்னு கேப்பாங்க. வண்டின்னா, உள்ள எதுக்குக் கட்டில்னு கேப்பாங்க.”

மே மாதம் வந்தது. கிருஷ்ணகிரித் தோப்பிலிருந்து அண்ணியின் அண்ணன் பத்துப் பெட்டி மாங்காய் இறக்கினார். வைக்கோல் பரப்பிப் பழுக்க வைக்க இதைவிடத் தோதான அறை தெருவிலேயே இல்லை என்பதை அண்ணி முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார். பெரியவர் இப்போது தினம் காலையில் வந்து கதவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு நாள் ஆகும்மா,” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.