அதைப் பார்க்கலையா?

மேல்வீட்டு மாமா நேற்று என் செல்போனை வாங்கி, மால்ட்டா படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனார். மார்சஷ்லொக் என்ற மீனவ கிராமம், மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்த லுட்சு படகுகள், படகின் முகப்பில் இரண்டு பக்கமும் வரைந்த கண்கள். எதற்கும் அவர் விரல் நிற்கவில்லை. கடைசிப் படம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ப்ளூ லகூன் எங்கேப்பா?"

"அங்கே போகலை மாமா."

"போகலையா? அப்ப மால்ட்டாவுக்குப் போனதே தண்டம்."

மாமா மால்ட்டாவுக்குப் போனவர் அல்ல. "அதைப் பார்க்கலையா?" என்று கேட்கும் உத்தியோகத்துக்கு அது ஒரு தகுதிக்குறைவும் அல்ல. ப்ளூ லகூன் போயிருந்தால் மட்டும் விட்டுவிடுவாரா? அது கொமினோ தீவில் இருக்கிறது. "அவ்வளவு தூரம் போனவன் பக்கத்துல கோசோ தீவை விட்டுட்டியே" என்பார். கோசோவுக்கும் போயிருந்தால், "அஷூர் விண்டோ பார்த்தியா? கடலுக்குள்ளே பாறை வளைவு!" என்பார். அது 2017 மார்ச் 8-ஆம் தேதி புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது மாமா என்றால், "அதுக்கு முன்னாடியே போயிருக்கணும்" என்பார். முன்னாடியே போயிருந்தால், "இடிஞ்சு விழுந்தப்போ நீ அங்கே இல்லையா?" இதற்கு மேல் மனுஷன் எங்கே போவது?

இத்தனைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. டெலிமாரா முனை வழியாக, மின் நிலையத்தைத் தாண்டி, பொட்டு நிழல் இல்லாத பாதையில் செயின்ட் பீட்டர்ஸ் பூலுக்கு நடந்தேன். மணல் கிடையாது. வெறும் சுண்ணாம்புப் பாறை, தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. பையன்கள் பாறை விளிம்பிலிருந்து தொப்பென்று குதித்தார்கள். நான் இரும்பு ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை மத்தியதரைக் கடலை அனுபவித்தேன். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரர் தலையை நீட்டி, "கலங்கா கோவ் பார்த்தாச்சா? இதைவிட அமைதியா இருக்கும்" என்றார். மாமாவுக்கு அங்கேயும் கிளை இருக்கிறது.

மணல்தான் வேண்டுமென்றால் பிர்செப்புஜாவில் ப்ரெட்டி பே இருக்கிறது. எதிரே கன்டெய்னர் துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள். படத்தில் கிரேன் விழாமல் எடுக்க மனைவி படுத்து, புரண்டு, கடைசியில் என்னை வெட்டினாள்.

1989 டிசம்பர் 2, 3 தேதிகளில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பசேவும் இதே மார்சஷ்லொக் விரிகுடாவில்தான் கப்பலில் சந்தித்தார்கள். புயலடித்து, கடல் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. அவர்கள் ப்ளூ லகூன் பார்த்ததாகத் தகவல் இல்லை. போனதே தண்டம் என்று வாஷிங்டனிலோ மாஸ்கோவிலோ எந்த மேல்வீட்டு மாமாவாவது சொல்லியிருப்பார்.

உண்மையில், மார்சஷ்லொக் கிராமத்தின் புகழ்பெற்ற மீன் சந்தையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது ஞாயிற்றுக்கிழமைதான் களைகட்டும். நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. தயவுசெய்து யாரும் ஒன்றும் கேட்காதீர்கள்.